சாமி இல்லாவிட்டால் சனம் வராதா?

(கிழக்கு லண்டனில் நடந்த எமது கூட்டின் மாதாந்தச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று நான் இன்றைக்குக் கதைக்கப் போவதில்லை. இந்த அறையில் பாதிப் பேர் அந்தக் கேள்வியைப் பதினாறு வயதிலேயே முடித்திருப்பீர்கள். மற்றப் பாதிப் பேருக்கு அது அவ்வளவு பெரிய கேள்வியாக இருக்காது. நான் கதைக்க வந்தது அதற்குப் பிறகு வருகிற கேள்வியைப் பற்றி. கோயிலை விட்டு வெளியே வந்த ஒருவர் பிறகு எங்கே போகிறார்? யாரோடு இருக்கிறார்?

முதலில் ஒரு கணக்கு. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 37.2 வீதமான ஆக்கள் தங்களுக்கு மதம் இல்லை என்று எழுதினார்கள். பத்து வருசத்துக்கு முதல், 2011இல், அது 25.2 வீதம். கிறிஸ்தவர்கள் என்று எழுதியவர்கள் 46.2 வீதம், அவர்கள் பாதிக்குக் கீழே போனது அதுதான் முதல் தடவை. நாங்கள் வாழ்கிற நாடு இப்படி மாறிக்கொண்டிருக்கு. எங்கட தமிழ் வீடுகளில் எத்தனை பேர் அந்தப் பெட்டியில் புள்ளடி போட்டார்கள் என்று கேட்காதீர்கள். எங்கட வீட்டுப் படிவத்தை அம்மாதான் நிரப்பினவ. அதன்படி நானும் இந்துதான்.

இதைச் சிரிப்புக்குச் சொன்னாலும் இதில் ஒரு விசயம் இருக்கு. அம்மா என்னட்ட நம்பிக்கை இருக்கா என்று கேட்டு அந்தப் புள்ளடியைப் போடவில்லை. நான் யாருடைய ஆள் என்பதைத்தான் அவ எழுதினவ. நம்பிக்கை வேற, சேர்ந்திருப்பது வேற. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மேலே கதைக்கலாம்.

நான் சமூகவியல் படிக்கிறபடியால் ஒரு ஆய்வைச் சொல்லுகிறேன். 2010இல் சேயூன் லிம், ராபர்ட் பட்னம் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மத நம்பிக்கை உள்ள ஆக்கள் மற்றவர்களை விட வாழ்க்கையில் திருப்தியாக இருக்கிறோம் என்று சொல்வது பழைய செய்தி. இவர்கள் ஏன் என்று தேடினார்கள். ஒழுங்காகத் தேவாலயத்துக்குப் போய், அங்கே நெருங்கிய நண்பர்களும் வைத்திருக்கிற ஆக்களுக்குத்தான் அந்தத் திருப்தி கிடைக்கிறது என்று கண்டார்கள். ஒழுங்காகப் போயும் அங்கே நண்பர் இல்லாதவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. வீட்டிலிருந்து தனியாகக் கும்பிடுவதாலும் அது வரவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கட அம்மாவின் கோயில்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கோயில் என்ன செய்யுது என்று ஒரு தடவை வடிவாகப் பார்ப்போம். சாமியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, அங்கே ஒரு கூரை இருக்கு. மழை பெய்தாலும், வேலை போனாலும், புருசனோடு சண்டை வந்தாலும் போய் இருக்க ஒரு இடம். காசு கொடுத்துக் கோப்பி வாங்காமல் இருக்கக்கூடிய இடம் லண்டனில் எத்தனை இருக்கு?

இரண்டாவது, ஒரு நாட்காட்டி. வெள்ளிக்கிழமை, பிரதோசம், நவராத்திரி, கந்தசட்டி, திருவிழா. யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. போனால் ஆக்கள் இருப்பினம் என்று தெரியும்.

மூன்றாவது, வேலை. அம்மா இரண்டு கிழமைக்கு ஒருக்கால் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டப் போவா. இன்னொரு மாமி பூக்கட்டுவா. ஓய்வு பெற்ற ஒரு ஐயா செருப்பு வைக்கிற இடத்தை ஒழுங்குபடுத்துவார். இவர்களில் கனபேர் பகலில் வேற ஆக்களின் கடையில், வேற ஆக்களின் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிற ஆக்கள். அங்கே அவர்களின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். கோயிலில் அவர்கள் இல்லாவிட்டால் அன்றைக்குச் சாம்பார் இல்லை.

நாலாவது, வராதவரைத் தேடும். இரண்டு வெள்ளி தொடர்ந்து காணவில்லை என்றால் டெலிபோன் வரும். "என்ன பிள்ளை, சுகமில்லையோ?"

ஐந்தாவது, சாவு. நாலு வருசத்துக்கு முதல் எங்கட அம்மம்மா மோசம் போனபோது, ஒரு மணித்தியாலத்துக்குள் கோயில் ஆக்கள் வீட்டில் நின்றார்கள். ஒருவர் அஞ்சலி அறிவித்தலுக்கு எழுதினார். ஒருவர் மரண விசாரிப்புக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வைத்தார். ஐயருக்கு ஒருவர் சொன்னார். எரிக்கிற இடத்தில் நேரம் எடுப்பதை ஒருவர் பார்த்தார். எட்டுச் செலவு, அந்தியேட்டி, எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. அழுவது மட்டும்தான் எங்களுக்கு மிச்சமாக இருந்த வேலை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அம்மாவோடு எனக்கு வழக்கமான வாக்குவாதம். அவ கோபமில்லாமல்தான் கேட்டவ: "பிள்ளை, கடவுள் இல்லையெண்டு சொல்லு, அது உன்ர விருப்பம். நாளைக்கு எனக்கு ஒண்டெண்டா உன்ர ஆக்கள் எத்தினை பேர் வாசல்ல வந்து நிப்பினம்?"

தோழர்களே, நாங்கள் எங்களைப் பொருள்முதல்வாதிகள் என்று சொல்லுகிறோம். அம்மா கேட்டதுதான் சரியான பொருள்முதல்வாதக் கேள்வி. மதத்தை அபின் என்று மார்க்ஸ் 1844இல் எழுதியதை எல்லாரும் சொல்லுவார்கள். அதே பந்தியில் அவர் மனிதரின் துயரத்தைப் பற்றியும், அந்தத் துயரத்துக்கு மதம் தருகிற ஆறுதலைப் பற்றியும் எழுதியதைக் கனபேர் சொல்லுவதில்லை. ஆறுதல் தேவைப்படுகிற நிலைமை அப்படியே இருக்கும்போது ஆறுதலை மட்டும் பறித்தால் யாரும் எங்கட பக்கம் வரமாட்டார்கள்.

அதற்காகக் கோயிலுக்கே திரும்பிப் போவோம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சேர்ந்திருப்புக்கு ஒரு விலை இருக்கு. எல்லாரிடமும் ஒரே விலை வாங்குவதுமில்லை.

புதிதாக ஒருவர் வந்தால் கேட்கப்படுகிற முதல் கேள்வி எல்லாருக்கும் தெரியும். "நீங்கள் ஊரில எவடம்?" ஊர் பெயர் சொன்னால் போதாது. "அதில எந்தப் பக்கம்? ஆற்ற மகன்?" இது அன்பான கேள்வி போலத்தான் இருக்கும். பாதிப் பேருக்கு அது அன்பாகவும் முடியும். மற்றவர்களுக்கு, பதில் சொன்ன பிறகு, கேட்டவரின் முகம் மாறுவது தெரியும். முப்பது வருசத்துக்கு முதல் விட்டு வந்த ஒழுங்கையின் எல்லை ஈஸ்ட்ஹாமில் ஒரு மண்டபத்துக்குள் வந்து நிற்கும்.

அடுத்தது துடக்கு. பன்னிரண்டு வயதிலிருந்து மாதத்தில் சில நாள் நான் அந்தக் கூரைக்குள் போகக்கூடாது. எனக்குத் தேவாரம் மனப்பாடம், பண்ணோடு பாடுவேன், போட்டியில் பரிசும் எடுத்தனான். அந்த நாட்களில் அது ஒன்றுக்கும் உதவாது. தன்னுடைய துணை இன்னொரு பெண் என்று சொல்லமுடியாமல் ஒவ்வொரு திருவிழாவுக்கும் தனியாக வந்துபோகிற ஒரு தோழியும் எனக்கு இருக்கிறா. அவவுக்குக் கோயில் பிடிக்கும். அங்கே போனால் பாதி ஆளாகத்தான் நிற்க வேண்டியிருக்கு.

ஆகவே எங்களுக்குத் தேவை, கோயில் செய்கிற அந்த ஐந்து வேலையையும் செய்கிற, வாசலில் அந்த விலையை வாங்காத ஒரு இடம். இது புதுக் கனவு ஒன்றுமில்லை. எங்களுக்கு முதல் கனபேர் இதைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பெரியார் 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கினார். அவர்களைக் கடவுள் மறுப்பாளர்கள் என்று மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். அவர்கள் செய்த பெரிய காரியம், ஒரு திருமண முறையை உருவாக்கியது. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. மாலை மாற்றி, ஊர் முன்னால் உறுதி சொல்லி, பெரியவர்கள் பேசி முடிக்கிற கலியாணம். சட்டம் அதை ஏற்காத காலத்திலும் பிள்ளைகளின் எதிர்காலத்தையே பணயம் வைத்து ஆயிரக்கணக்கான ஆக்கள் அப்படிச் செய்தார்கள். 1967இல் அண்ணாதுரை அரசு சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முதல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆனது. வேண்டாம் என்று சொன்னதோடு நிற்காமல், அந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்ததுதான் நாங்கள் கவனிக்க வேண்டியது.

யாழ்ப்பாணத்தில் 1924இல் ஒரு மாணவர் காங்கிரஸ் தொடங்கி, பிறகு அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் அதில் இருந்தார்கள். சாதி பார்க்காமல் சேர்ந்து இருந்து சாப்பிடுவது அவர்களின் வேலைத்திட்டத்தில் ஒன்று. ஒரு பந்தியில் இருந்து சாப்பிடுவது அந்தக் காலத்தில் பெரிய அரசியல். பிறகு 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், அதைத் தொடர்ந்து தேநீர்க்கடைப் பிரவேசங்கள், 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம். இவற்றில் முன்னுக்கு நின்ற இடதுசாரிகளில் கனபேருக்குச் சாமி நம்பிக்கை இல்லை. பிறகு எதற்குக் கோயில் வாசலில் போய் அடிவாங்கினார்கள்? அந்த வாசல் யாருக்குத் திறக்குது என்பதுதான் ஊரில் யார் மனிதர் என்பதைத் தீர்மானித்தது. தேநீர்க்கடையில் எந்தக் கிளாசில் தேத்தண்ணி தருகிறார்கள் என்பதும் அதேதான்.

அதே ஊர்களில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இருந்தன. அப்பா அதைப் பற்றித்தான் எப்பவும் கதைப்பார். பேப்பர் வாசிக்க, பந்து அடிக்க, றேடியோ கேட்க, நாடகம் பழக ஒரு கொட்டில். சாமி இல்லாத பொது இடம். அவையும் பல இடங்களில் குறிச்சி குறிச்சியாகப் பிரிந்துதான் இருந்தன என்பதையும் அப்பாவே சொல்லுவார். அதனால் சாமியை எடுத்துவிட்டால் சாதி தானாகப் போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி நாங்கள் நிற்கிற இந்தக் கிழக்கு லண்டனுக்கு வருவோம். நூறு வருசத்துக்கு முதல் இங்கே தையல் வேலையும் தச்சு வேலையும் செய்த யூதத் தொழிலாளர்கள் இருந்தார்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்தவர்கள், இத்திஷ் கதைத்தவர்கள். எங்களைப் போலவே இன்னொரு நாட்டில் அகதியாக வந்து, வாடகை வீட்டில் நெருக்கி வாழ்ந்தவர்கள். அவர்களில் சோசலிஸ்டுகளும் அனார்க்கிஸ்டுகளும் சேர்ந்து 1909இல் வேர்க்கர்ஸ் சேர்க்கிள் என்ற உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சினகொக்கிற்குப் போகாத தொழிலாளிக்கு வருத்தம் வந்தால் யார் பார்ப்பது, செத்தால் யார் அடக்கம் செய்வது? எங்கட அம்மா கேட்ட அதே கேள்வி. அவர்கள் சந்தாக் காசு சேர்த்தார்கள். நோயில் படுத்தால் உதவி, சாவுக்கு உதவி. ஆல்ட்கேட்டுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு கட்டிடம் இருந்தது. நூலகம், சொற்பொழிவு, சாப்பாடு எல்லாம் அங்கே. 1980கள் வரை அந்தச் சங்கம் நின்றது. எழுபது வருசத்துக்கு மேல். கோட்பாட்டில் ஒத்துப்போகாத ஆக்கள் ஒரே சந்தாப் புத்தகத்தில் இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விசயம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு லண்டன் கதையை வைத்துப் பாருங்கள். 2013 ஜனவரியில் இஸ்லிங்டனில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் சன்டே அசெம்பிளி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கடவுள் இல்லாத ஞாயிறு வழிபாடு மாதிரி: பாட்டு, ஒரு பேச்சு, கடைசியில் தேத்தண்ணியும் கேக்கும். பத்திரிகைகள் எல்லாம் எழுதின. சில வருசத்துக்குள் பல நாடுகளுக்குப் பரவியது, பிறகு கன இடங்களில் மூடியும் போனது. நான் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. நல்ல மனசோடு செய்தார்கள். என்ர வாசிப்பு இதுதான்: பாட்டும் பேச்சும் ஒரு நல்ல காலைப்பொழுதைத் தரும். நீ வராவிட்டால் ஏதாவது நின்றுபோகும் என்ற நிலை இருந்தால்தான் மழை நாளிலும் ஆள் வரும்.

போராட்டத்திலேயே அந்த ஒட்டுறவு கிடைக்கும், தனியாக ஒன்று எதற்கு என்று சில தோழர்கள் கேட்பீர்கள். கிடைக்கும், உண்மைதான். 2022, 2023இல் பல்கலைக்கழக ஊழியர்களின் வேலைநிறுத்தங்களில் மறியல் வரிசையில் நின்ற மாணவர்களில் நானும் ஒருத்தி. குளிருக்குள் நின்ற அந்த நாட்களில் யாரென்றே தெரியாத ஆக்களோடு வந்த நெருக்கம் எனக்கு வேற எங்கேயும் வந்ததில்லை. வேலைநிறுத்தம் முடிந்தது. எல்லாரும் அவரவர் அறைக்குப் போனோம். போராட்டத்துக்கு ஏற்ற இறக்கம் உண்டு. வாடகை, வருத்தம், பிள்ளைப்பேறு, சாவு இவைக்கு விடுமுறை இல்லை.

சிரமமான ஒரு விசயத்தையும் சொல்லவேணும். எங்கட சமூகத்தில் மதம் சாராத மிகப் பெரிய சடங்கு ஏற்கனவே இருக்கு: நவம்பர் 27. சைவர், கிறிஸ்தவர், ஒன்றுமில்லாதவர் எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கேற்றி நிற்பார்கள். சின்ன வயதில் நானும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிள்ளையை இழந்த ஒரு தாய் அந்த விளக்கின் முன்னால் அழுவதை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். அவவுக்கு அழ வேற பொது இடம் இல்லை. ஆனால் எங்கட பக்கத்தாலேயே கொல்லப்பட்ட ஒருவரின் தாய் எங்கே போய் அழுவா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் எந்த நாளில் விளக்கேற்றும்? மதம் இல்லாத ஒன்றுகூட, கேள்வி கேட்கிறவரை வெளியே நிற்பாட்டலாம். நாங்கள் ஒரு இடம் கட்டினால் இந்த எல்லா இழப்பும் வந்து இருக்கக்கூடிய இடமாக அது இருக்கவேணும்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஐந்து சின்ன விசயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, நாள். மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரே இடம், ஒரே நேரம், மத்தியானச் சாப்பாடு. பேச்சாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூன்று பேர் வந்தாலும் சமைப்போம். ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்து நாள் தேடுவதை நிற்பாட்டுவோம்.

இரண்டு, உபயம். அந்தச் சொல்லைக் கோயிலிடமிருந்து கடன் வாங்குவோம். ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டார் அல்லது ஒரு அறையில் சேர்ந்திருக்கிற மாணவர்கள் பொறுப்பு எடுக்கட்டும். செலவுக்கு ஒரு எல்லை வைப்போம். இல்லாவிட்டால் யாருடைய பாயாசத்தில் முந்திரி கூட என்ற போட்டியில்தான் முடியும், எங்கட ஆக்களை எனக்குத் தெரியும். கறி வெட்டுவதையும் சட்டி கழுவுவதையும் ஆண்களும் முறை வைத்துச் செய்யவேணும்.

மூன்று, தேடுவது. இரண்டு மாதம் வராதவருக்கு ஒருவர் டெலிபோன் எடுக்கவேணும். "ஏன் வரவில்லை" என்று கேட்காமல் "எப்படி இருக்கிறீங்கள்" என்று கேட்க.

நாலு, சாவு. இதுதான் கனபேர் தள்ளிப்போடுவது. இங்கிலாந்தில் ஒரு இறுதி நிகழ்வை மதகுரு நடத்தவேணும் என்று சட்டம் எதுவும் இல்லை. யாரும் நடத்தலாம். மரணத்தைப் பதிவது, எரிக்கிற இடத்தில் நேரம் எடுப்பது, கிடைக்கிற அந்தக் குறுகிய நேரத்தில் என்ன பேசுவது, எந்தப் பாட்டுப் போடுவது, பிறகு எட்டாம் நாள் அந்த வீட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுபோவது. இவற்றைத் தெரிந்த ஐந்தாறு பேர் எங்களுக்குள் இருக்கவேணும். அதோடு மாதம் ஐந்து பவுண் போடுகிற ஒரு பொதுச் சீட்டு. எங்கட ஆக்களுக்குச் சீட்டுப் பிடிக்கச் சொல்லித் தரத் தேவையில்லை. இதில் ஏலக் கழிவு மட்டும் இல்லை.

ஐந்து, வாசல். "ஊரில எவடம்" என்று கேட்கமாட்டோம். தமிழ் உடைந்து வருகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கமாட்டோம். என்ர தம்பி தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வராததுக்கு அந்தச் சிரிப்புத்தான் காரணம். திருநீறு பூசிக்கொண்டும், சிலுவை போட்டுக்கொண்டும், முக்காடு போட்டுக்கொண்டும் வருகிற ஆக்கள் வரலாம். மதம் இல்லாமலும் வரக்கூடிய இடம் என்றால், மதத்தோடு வருகிறவரை விரட்டுகிற இடம் என்று அர்த்தம் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமை தன்ர கோயிலுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து மரக்கறி வெட்டினால் எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. எப்படி வெட்டுவது என்று எங்களுக்கு அவ சொல்லியும் தருவா.

இதெல்லாம் புரட்சியா என்று கேட்டால், இல்லை. ஆனால் ஒரு தொழிலாளி சங்கத்தில் சேர்ந்து முதலாளியோடு மோதப் போகும்போது, தனக்கு ஒன்று நடந்தால் தன்ர வீட்டைப் பார்க்க ஆக்கள் இருக்கினம் என்று தெரிந்தால்தான் கால் முன்னுக்கு வரும். எங்கட ஆக்களில் கனபேர் விசாவுக்கும் வாடகைக்கும் பயந்து வாய் மூடி வேலை செய்கிறார்கள். அவர்களிடம் துணிவு வேணும் என்று நாங்கள் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம். துணிவுக்கு முதல் அவர்களுக்குத் துணை வேணும்.

பின்பக்க மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நாலு பத்தி கோடு போட்டிருக்கு: சமையல், டெலிபோன், மரணக் காரியம், சீட்டு. போகும்போது ஏதாவது ஒன்றில் உங்கட பெயரை எழுதிவிட்டுப் போங்கள். முதல் உபயம் எங்கட வீடு. மரக்கறிச் சாப்பாடுதான், அம்மாவின் நிபந்தனை.